அப்பாவின் கார்டு: ஏழாவது வரைவு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை கற்பனையில் பிறக்கவில்லை, ஒரு பட்டியலில் பிறந்தது. ஊருக்கெல்லாம் குடிதண்ணீர் சுத்தம் செய்து அனுப்பும் நிலையத்தில் எனக்கு வேலை. தண்ணீரை நான் தொட்டதே இல்லை. யாருடைய கார்டு எந்தக் கதவைத் திறக்கலாம், யார் எந்தக் கணினிக்குள் நுழையலாம் என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாப் பெயர்களும் பட்டியலாக வரும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு கட்டங்கள்: தேவை, தேவையில்லை. வேலையை விட்டுப் போனவரின் கார்டு ஒருநாள்கூட உயிரோடு இருக்கக் கூடாது என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கு வகுப்பெடுப்பதும் நான்தான்.

அந்தப் பட்டியலில், ஓய்வுபெற்று இரண்டு வருடமான ஒருவருக்கு எட்டு முறையும் 'தேவை' என்று டிக் விழுந்திருந்தது.

2

தொடக்கங்கள் சில:

"காலை ஐந்தே முக்காலுக்கு அந்தப் பெரியவர் கேட்டுக்கு வந்தபோது வானம்—"

வானம் எப்படி இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்த நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருப்பேன்.

"பாதுகாப்பு என்பது நம்பிக்கையின்மையை ஒழுங்காக நிர்வகிப்பதே—"

இது வகுப்பில் சொல்வது. கேட்கிறவர்கள் கொட்டாவி விடுவார்கள்.

"அவள் தன் அப்பாவுக்காக ஒரு தப்பு செய்தாள்."

இதை வைத்துக்கொண்டேன்.

3

ஆக, கதையில் ஒரு மகள். என் வேலைதான் அவளுக்கும். அவளுடைய அப்பா அதே நிலையத்தில் முப்பத்தொரு வருடம் பம்ப் ஓட்டியவர். ஓய்வுபெற்ற கையோடு ஞாபகம் கழன்றுகொள்ள ஆரம்பித்தது. சாப்பிட்டது மறந்துபோகும், காலை ஷிஃப்ட் மறக்காது. வீட்டைப் பூட்டி வைத்துப் பார்த்தார்கள். கதவில் தலையை முட்டிக்கொண்டு, "பம்ப் ஓடுதும்மா, தொறந்து விடு" என்று அழுதார்.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. கார்டில் மற்ற எல்லாக் கதவுகளையும் எடுத்துவிட்டு, வாசல் கேட்டை மட்டும் விட்டு வைத்தாள். கார்டைக் காட்டுவார், பச்சை விளக்கு எரியும், உள்ளே வாட்ச்மேன் பெஞ்சில் உட்காருவார். எட்டு மணிக்கு, "ஷிஃப்ட் முடிஞ்சுது, வரேன்ப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவிலிருந்த வீட்டுக்கு நடந்துவிடுவார். இரண்டு வருடம் இப்படியே போனது. யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை.

[குறிப்பு: எங்கள் மென்பொருளில் கேட்டை மட்டும் தனியாகக் கொடுக்க முடியாது. பழைய கார்டுகளில் அது ஒரு கொத்து, கேட்டோடு பம்ப் ரூமும் சேர்ந்தே வரும். நான் அதைச் சரிபார்க்கவில்லை. மன்னிக்கவும், அவள் சரிபார்க்கவில்லை.]

4

ஒருநாள் அப்பா பெஞ்சில் உட்காரவில்லை. நேரே பம்ப் ரூமுக்குப் போய்க் கார்டைக் காட்டினார். பச்சை.

ஃபிட்டர் ஓடி வந்தபோது நாலாம் நம்பர் வால்வு முக்கால்வாசி மூடியிருந்தது.

"ஐயா, ஐயா! என்ன பண்றீங்க?"

"ஆறு மணிக்கு இத மூடணும்ல? நான் வரலன்னா ஒருத்தருக்கும் ஞாபகம் இல்ல."

அவர் சொன்னது சரிதான், பழைய பம்ப் இருந்திருந்தால். புதியதில் இன்னும் இரண்டு நிமிடம் போயிருந்தால் குழாய் வெடித்திருக்கும். பக்கத்தில்தான் அப்பாவும் ஃபிட்டரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

மேலாளர் அம்மா கூப்பிட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம்.

"எட்டு தடவ 'தேவை'ன்னு போட்டது யாருன்னு நான் கேக்கல. எனக்குத் தெரியும். அந்தக் கார்ட நீங்களே எடுத்துடுங்க."

5

இந்த இடத்தில்தான் அந்த மகள் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. ஆறு வரைவிலும் அவள் கார்டை மூடிய மறுநாள் காலையில் கேட்டுக்கு இறங்கிப் போகிறாள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்கிறாள். "இன்னைக்கு லீவுப்பா" என்கிறாள். இருவரும் வீடு வரை நடக்கிறார்கள். ஒரு வரைவில் அவர் சிரிக்கக்கூடச் செய்கிறார்.

நல்ல முடிவுதான். ஆனால் நடக்கவில்லை. மகளும் இல்லை. எங்கள் வீட்டில் ஒரே பிள்ளை, அது நான். நான் செய்யாததைச் செய்வதற்கு ஆள் வேண்டியிருந்தது, அவளை உண்டாக்கிக்கொண்டேன். ஆறு வரைவாகப் பூசி மெழுகியது போதும்.

6

கார்டை மூடிய மறுநாள் நான் சீக்கிரமே போய் இரண்டாம் மாடியில் திரை முன்னால் உட்கார்ந்தேன். அங்கே ஒவ்வொரு கார்டும் ஒரு வரியாக வரும்.

5.46 மறுக்கப்பட்டது.
5.46 மறுக்கப்பட்டது.
5.47 மறுக்கப்பட்டது.

நடுவே இரண்டு நிமிடம் ஒன்றும் வரவில்லை. கார்டைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும், அவர் எப்போதும் அப்படித்தான்.

5.49 மறுக்கப்பட்டது.

போன் அடித்தது. வாட்ச்மேன்.

"சார், அப்பா நிக்கிறாரு. கார்டு வேல செய்யல. என்ன சொல்லட்டும்?"

அவருக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. கோபமே இல்லை அதில்.

"மிஷின்ல ஏதோ கோளாறுப்பா. எம் பையன் உள்ளதான் இருக்கான். அவங்கிட்ட சொல்லு, ஒரு நிமிஷத்துல சரி பண்ணிடுவான்."

நான் சொன்னேன்: "நான் இன்னும் ஆபீஸ் வரலன்னு சொல்லுங்க."

வாட்ச்மேன் அதை அப்படியே அவரிடம் சொன்னார்.

"அப்படியா? சரி, வரட்டும். நான் நிக்கிறேன்" என்றார் அப்பா.

7

இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. கார்டைத் திறந்தால் தப்பு, திறக்காமல் இறங்கிப் போக எனக்குத் தைரியம் இல்லை. ஆகவே கதையில் அவர் இன்னும் அங்கேயேதான் நிற்கிறார். இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், இப்போது அவருக்குப் பக்கத்தில் இருப்பது நீங்கள்தான். கார்டைப் பையில் போட்டுக்கொண்டு உங்கள் பக்கம் திரும்புகிறார்.

"எம் பையன் வந்துட்டானா, பாத்தீங்களா?"

[                                        ]