சாலமன்காவில் தவளை பார்த்த சாட்சி

என் வீட்டுக்காரர் தியோடர் ஸ்பெயினுக்குப் போய் வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் சாம்பாருக்குக்கூட சரித்திரம் உண்டு. திருப்பதியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். சித்தூரிலிருந்து தினம் பஸ். நாராயணவனம் கோயில் கோபுரத்தையும் ஸ்பெயினின் சாலமன்கா பல்கலைக்கழகத்தின் பழைய முகப்பையும் ஒப்பிட்டு ஒன்பது வருடமாக ஆராய்ச்சி. இரண்டும் கல் வேலை என்று எனக்கு முதல் நாளே தெரியும். அவருக்குத்தான் முந்நூறு பக்கம் தேவைப்பட்டது.

சாலமன்காவின் பல்கலைக்கழகத்துக்கு எண்ணூறு வயது. கல்லெல்லாம் பொன்னிறம், மாலை வெயிலில் ஊரே மஞ்சள் பூசிக்கொண்டு நிற்குமாம். அந்த முகப்பில் ராஜா ராணி, கேடயம், பூக்கொடி என்று விரல் வைக்க இடமில்லாமல் சிற்பம். அதற்குள் எங்கோ ஒரு மண்டையோடு, அதன்மேல் ஒரு தவளை. யாரும் காட்டாமல் அதைக் கண்டுபிடிக்கிற மாணவர் பரீட்சையில் பாஸ் என்பது அந்த ஊர் நம்பிக்கை.

எங்கள் சபையில் தூரதேசம் போய்த் திரும்பியவர் ஞாயிற்றுக்கிழமை எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். இவரும் சொன்னார், நாற்பது நிமிடம். பாஸ்டர் சாம்ராஜ் இடையில் கேட்டார்:

“அந்தத் தவளைய நீங்க பாத்தீங்களா, சார்?”

“பாத்தேன், பாஸ்டர். ரெண்டே நிமிசம்.”

பாஸ்டருக்கு ஒரே சந்தோஷம். பரீட்சை எழுதப்போகும் டென்த் பிள்ளைகளுக்கு அடுத்த ஞாயிறு ஜெபம் இருந்தது. முகப்பின் போட்டோவைத் திரையில் போட்டு, பிள்ளைகள் தேடிய பிறகு சார் இடத்தைக் காட்டட்டும் என்று அறிவித்துவிட்டார்.

அன்றிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை நான் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தபோது போனோடு வந்து உட்கார்ந்தார்.

“ஜெயசீலி, நான் தவளையப் பாக்கவே இல்ல. மூணு நாள் அந்தச் செவுத்தையே பாத்துக்கினு நின்னேன். கழுத்துதான் புடிச்சிக்கிச்சி.”

“யாரையாச்சும் கேக்கறதுதான?”

“கேட்டா பலிக்காது. எனக்கு வியாழக்கிழமை ஆராய்ச்சிக்கு வைவாப் பரீட்சை இருக்குதே.”

பூனை குறுக்கே போனால் நின்று போகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிற மனிதர் இவர்! அந்த ஊர்க் கதீட்ரலில், பிற்காலத்தில் பழுது பார்த்தவர்கள் செதுக்கிய விண்வெளி வீரனைக்கூடக் கண்டுபிடித்துப் படம் எடுத்திருக்கிறார். தவளைதான் அகப்படவில்லை.

போனை வாங்கிப் பெரிதாக்கினேன். வலது பக்கத் தூணில் மண்டையோடு. அதன்மேல் உட்கார்ந்திருந்தது.

“இதோ…”

“சொல்லாத!” என்று காதைப் பொத்திக்கொண்டார்.

மறுநாள் எங்கள் சபைக் கோவில் நிறைந்திருந்தது. பிள்ளைகள் தேடித் தேடி ஓய்ந்தார்கள். இவர் கையில் நீளக் குச்சியோடு திரைக்குப் பக்கத்தில் நின்றார். முகம் வெளிறி, பெண்கள் பக்கம் என்னைத் தேடினார். எவ்வளவு கிண்டல் செய்தாலும் என் புருஷன் ஆயிற்றே. திரையின் வலது பக்கமாக விரலை லேசாக நீட்டினேன்.

அதை அவர் பார்த்தார். ஆனால் திரைப்பக்கம் திரும்பவே இல்லை. குச்சியைச் சுவரோரம் சாய்த்தார்.

“போன வாரம் சாட்சியில நான் சொன்னது பொய். தவளைய நான் பாக்கல. பரீட்சைக்குப் போற பசங்க முன்னாடி இன்னொரு தடவ பொய் சொல்ல முடியாது. என்னை மன்னிச்சிடுங்க.”

கடைசி பெஞ்சில் கமலம்மா, “அந்தத் தவளை ஊருக்குப் போனதாச்சும் நெசமா, சார்?” என்று கேட்க, கோவிலே சிரித்தது. இவரும் சிரித்தார். ஒன்பது வருடத்தில் முதல்முறையாக இவரைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. முந்நூறு பக்கத்துக்கும் அது வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார்: “இப்ப சொல்லு, எங்க கீது?”

போனை அவர் கையில் வைத்தேன்.

“நீங்களே தேடுங்க. வியாழக்கிழமை வைவா யாருக்கு?”