நான்காவது பூட்டு

வாரன் டாலிமோர் வண்டியை நிறுத்துவதில்லை, நிலைநிறுத்துவார். அவர் எழுதிய கையேட்டில் அப்படித்தான் இருக்கிறது. 'வெளியூரில் இராத் தங்கல்: வாகனப் பாதுகாப்பு நெறிமுறைகள்', பதினாலு பக்கம், அட்டையில் ஒரு பூட்டின் படம். மேற்குச் சமவெளி மோட்டார்சைக்கிள் சங்கத்தில் மற்ற ஏழு பேருக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுத்திருந்தார். ஒருவரும் புரட்டிப் பார்க்கவில்லை என்பதும் அவருக்குத் தெரியும். அதனால்தான் தங்கும் ஊர்தோறும் வாய்விட்டே படித்துக் காட்டினார்.

அன்று சாயங்காலம் வாலாரூ மோட்டலின் முற்றத்தில், பீர் பாட்டிலும் கையுமாக நின்றவர்களுக்கு மூன்றாம் அத்தியாயம் நடந்தது.

"கண்ணாடியோட கண்ணாடி உரசுற மாதிரி நெருக்கி நிறுத்தணும். திருடன் ஒரு வண்டியைக்கூட உருவ முடியாது. இது சுவர். ஓரத்துல என் வண்டி, காவலுக்கு."

"இந்த ஊர்ல திருடனுங்க எத்தனை பேருப்பா?" என்றான் கிராண்ட் ஃபிப்ஸ்.

"ஜனத்தொகை நூத்தி முப்பது."

"அதுல பாதி கிழடு, மீதி ஆட்டுக்கு மயிர் வெட்டப் போயிருக்கு. பூட்டு பூட்டு. நம்ம சுவரை நாமளே ரசிப்போம்."

ஏழு வண்டிகளின் சக்கரங்களுக்குள்ளும் கட்டைவிரல் தடிமன் சங்கிலி ஒன்று நுழைந்து வெளியே வந்தது. அது முதல் பூட்டு. கைப்பிடிப் பூட்டு இரண்டாவது. முன்சக்கரத்து பிரேக் டிஸ்க்கில், சக்கரம் சுற்றாதபடி மாட்டும் பூட்டு மூன்றாவது. அந்த டிஸ்க் பூட்டோடு மஞ்சள் சுருள் கயிறு ஒன்றும் விற்பார்கள். கைப்பிடியிலிருந்து பூட்டு வரை கட்டிவிட்டால், காலையில் ஏறி உட்காரும்போது, 'அடேய், கீழே பூட்டு இருக்குடா' என்று அது கண்ணில் அடிக்கும். வாரன் அதைக் கட்டுவதில்லை. கத்துக்குட்டிகளுக்கானது என்று கையேட்டிலேயே அடிக்குறிப்பு போட்டிருந்தார்.

எட்டாவது வண்டி சுவரில் சேரவில்லை. அது மெர்ல் பென்ஹாலிகனுடையது. அவளுக்கு எழுபத்தொரு வயது. ஓட்டுவது, தபால்காரர்கள் வீடுவீடாகப் போக வைத்திருக்கும் சின்னச் சிவப்பு வண்டி, ஏலத்தில் எடுத்தது. யூகலிப்டஸ் மரத்தடியில் சாய்த்துவிட்டுச் சாவியை அதிலேயே விட்டுப் போயிருந்தாள்.

"மெர்ல், சாவி வண்டியிலேயே இருக்கு."

"அங்கதானே இருக்கணும் தம்பி? ராத்திரி பாத்ரூமுக்கா எடுத்துட்டுப் போவாங்க?"

வாரன் அதோடு விட்டார். வேறு நாளாக இருந்தால் ஆறாம் அத்தியாயம் தொடங்கியிருக்கும். மறுநாள் காலை எட்டு மணிக்கு அவருக்கு வேறு வேலை இருந்தது.

அறுபது கிலோமீட்டர் தள்ளி, நெடுஞ்சாலையில் ஒரு பெட்ரோல் பங்க், அதை ஒட்டிச் சாப்பாட்டுக் கடை. அங்கே அவருடைய மகள் கெர்ரின் காத்திருப்பாள். இருபத்திரண்டு வருஷம் கழித்து. கணவனிடம் பெர்த்துக்குக் குடிபோகிறாள், சாமான் செட்டு, ஏழு வயதுப் பெண்ணோடு. வாரனின் அக்கா நோரின் வழியாகத்தான் சேதி வந்தது: 'எட்டிலேருந்து எட்டரை வரைக்கும் இருப்பேன். இருட்டுறதுக்குள்ள அடுத்த தங்கலுக்குப் போய்ச் சேரணும், ராத்திரியில ரோட்டுல கங்காரு பாயும். பார்க்கணும்னா வரட்டும்.' தொலைபேசி எண் தரவில்லை.

பத்தொன்பது வயதில் அவள் வீட்டை விட்டுப் போனதற்குக் காரணம் சின்னது. இரவு பத்து மணிக்குக் கதவு பூட்டப்படும் என்று வாரன் விதி வைத்திருந்தார். ஒருநாள் பத்தேகாலுக்கு வந்தாள். அவர் கதவுக்கு இந்தப் பக்கம் விழித்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தார். விதி விதிதானே.

காலை ஏழு மணிக்குச் சவரம் செய்து, புதுச் சட்டை போட்டு, ஊரே தூங்கும்போது முற்றத்துக்கு வந்தார். சங்கிலியைத் திறந்து தன் சக்கரத்திலிருந்து உருவினார். மற்ற ஆறு வண்டிகளையும் மறுபடி பூட்டினார். காலை வெயிலில் திருடன் வரக்கூடாது என்று சட்டமா இருக்கிறது? கைப்பிடிப் பூட்டைத் திறந்தார். ஏறி உட்கார்ந்தார். கெர்ரினிடம் முதலில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே கிளப்பினார்.

வண்டி ஓரடி போயிற்று. மூன்றாவது பூட்டு தன் கடமையைச் செய்தது.

முந்நூறு கிலோ இடப்பக்கம் சரிந்தது. இடப்பக்கம் கிராண்டின் வண்டி. அது அடுத்ததின் மேல், அது அதற்கடுத்ததின் மேல். கண்ணாடியோட கண்ணாடி நெருக்கமாக இருந்ததால் ஒன்றுகூடத் தப்பவில்லை. சுவர் முழுசாக விழுந்து முடிந்தபோது மோட்டலில் எல்லா விளக்கும் எரிந்தது.

"சுவர் சாஞ்சிருச்சுடா!" என்று உள்ளாடையோடு ஓடிவந்தான் கிராண்ட். "வாரன், திருடன் தோத்தான் போ! எங்களுக்கே இனி கிடைக்காது."

சங்கிலியின் பூட்டு ஆறு வண்டிகளுக்கு அடியில் எங்கேயோ கிடந்தது. வாரனின் வண்டியில் கிளட்ச் பிடி முறிந்திருந்தது. டிஸ்க் பூட்டு வளைந்து, சாவியை ஏற்க மறுத்தது. அக்காவுக்குப் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை, அவள் தேவாலயத்தில் பாடிக்கொண்டிருப்பாள். சாப்பாட்டுக் கடைக்குப் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மோட்டல்காரனின் கார் சந்தைக்குப் போயிருந்தது. மணி ஏழு முப்பத்தைந்து.

"என்னுதை எடுத்துட்டுப் போ," என்றாள் மெர்ல், டீக்கோப்பையோடு. "சாவி அதுலயே இருக்கு. எழுபதுக்கு மேல போகாது, திட்டாதே."

எதிர்காற்றில் எழுபதும் போகவில்லை. வாரனின் முழங்கால்கள் கைப்பிடியை இடித்தன. ஆடு ஏற்றிய லாரி ஒன்று கடந்து போனபோது, டிரைவர் எட்டிப் பார்த்து, "தாத்தா, கடுதாசி ஏதும் இருக்கா?" என்று கத்தினான். அவமானப்பட நேரமில்லை. எட்டு இருபத்தெட்டுக்குச் சாப்பாட்டுக் கடையின் புழுதி முற்றத்தில் திரும்பினார். வேர்த்துக் கொட்டியது. இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது.

இறங்கினார். இரண்டடி நடந்தார். நின்றார்.

சாவியை எடுத்தாயிற்று, சரி. ஆனால் இது அடுத்தவர் வண்டி. இரண்டு பேர் தூக்கினால் போயே போச்சு. சட்டைப் பையில் நான்காவது பூட்டு இருந்தது: எண்களைத் திருப்பிப் பூட்டும் கம்பி வடம், பயணத்துக்கென்று போன வாரம் வாங்கியது. குனிந்து, பின்சக்கரத்தையும் தண்ணீர்க் குழாயையும் சேர்த்து வடத்தைக் கோத்தார்.

"தபால் வண்டியா இது?"

ஒரு சின்னப் பெண். கையில் பாதி தின்ற ரொட்டி, விரலில் ஜாம். விளக்கைத் தொட வந்தாள்.

"தொடாதே! தள்ளிப் போ பாப்பா. யாரு உன்னைத் தனியா விட்டது?"

பெண் முகம் சுண்டிப்போய் ஓடினாள். எங்கோ கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வாரன் எண்களைக் கலைத்து, வடத்தை இழுத்துச் சரிபார்த்து, தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனார். ஜன்னலோர மேசையில் இரண்டு தட்டு, மூன்று கோப்பை. ஒரு கோப்பை மட்டும் காலியாகவில்லை.

மேசை துடைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டார்.

"சின்னப் பொண்ணோட வந்தவங்களா? இப்பத்தான் கிளம்பினாங்க. பெரிய வண்டி வரும், பெரிய வண்டி வரும்னு ஜன்னலையே பாத்துட்டு இருந்தாங்க." கோப்பையை எடுத்துத் தட்டில் வைத்தாள். "நீங்க அந்த அப்பாவா? வரலைன்னா பரவாயில்லைன்னு சொன்னாங்க. 'எங்கயாச்சும் எதையாச்சும் பூட்டிக்கிட்டு இருப்பாரு'ன்னாங்க."

வாரன் வெளியே ஓடினார். கூரையில் சாமான் கட்டிய வெள்ளைக் கார் மேற்கே திரும்பியிருந்தது. பின்கண்ணாடியில் ஒரு சின்ன முகம் தெரிந்தது, பிறகு புழுதி. எழுபதில் துரத்தினாலும் பிடிக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் குழாயடியில் மண்டியிட்டார்.

நாலு எண். 'பிள்ளைகள் பிறந்த தேதியை வைக்காதீர்கள். திருடன் முதலில் அதைத்தான் போடுவான். உங்களோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத எண்ணாக இருக்கட்டும்.' கையேட்டின் ஒன்பதாம் பக்கம். அப்படித்தான் வைத்திருந்தார். சம்பந்தமே இல்லாத அந்த எண் இப்போது எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

கடைசியில் கெர்ரினின் பிறந்த தேதியைப் போட்டுப் பார்த்தார். திறக்கவில்லை. மார்ச் பதினெட்டா, பத்தொன்பதா என்று சந்தேகம் வந்தது. பத்தொன்பதையும் போட்டார்.

கடைக்காரப் பெண் வாசலில் வந்து எட்டிப் பார்த்தாள். "இங்கல்லாம் வண்டியை யாரும் எடுக்க மாட்டாங்க தாத்தா," என்றாள்.

"தெரியும்," என்றார் வாரன். பதினேழைப் போட்டுப் பார்த்தார்.