ஒரு சொல் குறைந்த முத்திரை

...சுரண்டி எடுத்ததாம், நான் சுரண்டினேனாம், கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது, இருபது வருசமாகத் தமிழ் படிப்பித்துத் தொண்டை கட்டினவள், ‘இலங்கை’ என்ற தமிழ்ச் சொல்லை முத்திரையிலிருந்து நானே பிளேட்டால் சுரண்டுவேனா? ஆனால் அலவியைப் பகைக்க ஏலாது. தபால் முத்திரை சேர்ப்போர் சங்கத்தின் மதிப்பீட்டாளர், அவர் கையெழுத்து வைத்தால்தான் இது அச்சுப்பிழை முத்திரை, லண்டனில் வாங்குவார்கள், என் மகன் சிவபாலன் பிளேன் ஏறுவான், இல்லாவிட்டால் வெறும் கடதாசித் துண்டு. “கோவிக்காதீங்க டீச்சர், கள்ள வேல செய்ற ஆக்களும் வாராங்க, பாக்கத்தானே வேணும்” என்றுவிட்டு லைட்டுக்குக் கீழே குனிந்தவர்தான், மருதானை பஸ் சத்தம் ஜன்னலால் வந்து காதை அடைக்கிறது, இந்த மனிசன் மூச்சாவது விடுகிறாரா? சிங்களம் இருக்கிறது, இங்கிலீஷ் இருக்கிறது, தமிழ் இருக்கவேண்டிய இடம் வெறுமை. வெள்ளவத்தையில் வாங்கின தாள் முழுக்க இதே கதை, புத்தியுள்ளவள் என்றால் பேசாமல் பைக்குள் வைத்திருப்பாள், நான் என்ன செய்தேன், தமிழ் இல்லாத முத்திரை எனக்கு வேண்டாம், மாத்தித் தாங்கோ என்று தபால் கந்தோரில் சண்டை பிடித்து, தாளைக் கொடுத்துவிட்டு நல்லதாக வாங்கிக்கொண்டு, ஏதோ நாட்டைப் பிடித்த மாதிரி வீட்டுக்கு வந்தேன்! முறைப்பாடு எழுதவென்று ஒன்றை மட்டும் கிழித்து வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் அதைப் பார்த்த பிறிஜெற் டீச்சர் தலையில் அடித்துக்கொண்டாள், “விசரி, இது எவ்வளவுக்குப் போகும் தெரியுமே?” ஓடிப்போய்க் கேட்டால் மிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

போன கிழமை ஆமியின் சுற்றிவளைப்பில் சிவபாலனைக் கூட்டிக்கொண்டு போய் விடிந்தபிறகுதான் விட்டார்கள், வந்தவன் பாணைப் பிய்த்துப் பிய்த்து கோப்பையில் வைத்தான், சாப்பிடவில்லை, தம்பி அடிச்சவங்களோ என்று கேட்க வாய் வரவில்லை எனக்கு... பயம், வேறென்ன, அடுத்த முறை விடுவார்களோ என்ற பயம். பிள்ளையாரே, இந்த மனிசன் தலையை நிமிர்த்தட்டும்.

நிமிர்ந்தார். “சுரண்டல்ல டீச்சர். ஒருத்தரும் அழிக்கல்ல. அச்சடிக்கக்குள்ளயே போடல்ல.” பேனையைத் திறந்தார். அப்பாடா... கண் கலங்கிவிட்டது, கையெடுத்துக் கும்பிட்டேன், நீங்கள் நல்லாயிருக்கவேணும் என்றேன். சான்றிதழை நீட்டிக்கொண்டே, “எழுத்து இருந்தா இதுக்குத் தபால் செலவுதான் பெறுமதி, இல்லாததாலதான் இந்த வெல” என்று சிரித்தார், நானும் சிரித்தேன், என்ன சிரிப்போ. படியிறங்கும்போதுதான் உறைத்தது, ஒருத்தரும் அழிக்கவில்லை, முதலிலேயே போடவில்லை, இதைக் கேட்டா கும்பிட்டேன்? சிவபாலனிடம் என்னவென்று சொல்லுவேன், நீ போகலாம் தம்பி, எங்கட எழுத்தைப் போட மறந்துபோனாங்கள் என்றா... மறந்ததுதானா?