புதன்கிழமைக் கொடி

பெக்சோல் வட்டாரத்தின் மாண்புமிகு குடிமக்கள் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், வியட்நாம் போர்முனையில் இடது காலை இழந்தும், இருபத்தெட்டு ஆண்டுகள் நம் பள்ளிப் பிள்ளைகளைச் சாலை கடக்கவைத்த மாவீரர் பியோ மான்சொப் அவர்களின் நினைவுக்கல், அன்னார் மறைந்த நாற்பத்தொன்பதாம் நாளாகிய வரும் புதன்கிழமை காலை எட்டு மணிக்கு, அவர் நின்ற அதே இடத்தில் திறந்துவைக்கப்படும். அனைவரும் கறுப்பு உடையில் வரவும்.

எழுதியவர் நினைவுக்குழுத் தலைவர் கு பொன்தே. ஒட்டப்பட்ட இடம் என் கடைக் கண்ணாடி. பள்ளியின் பின்வாசலுக்கு எதிரே எழுதுபொருள் கடை வைத்திருக்கிறேன். தலைவர் இதற்கு முன் மலையேறுவோர் சங்கத்துக்கும் தலைவராக இருந்தார். அவர் மலையேறியதை யாரும் பார்த்ததில்லை.

பின்வாசல் சாலை மேட்டிலிருந்து இறங்கி, குளியல்விடுதிச் சுவரைச் சுற்றித் திரும்பும். அந்தச் சுவருக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நடுவே ஓர் ஆள் நிற்குமளவு இடம். அங்கே நின்றால் மேலேயிருந்து வரும் வண்டியும் தெரியும், வீடுகளிலிருந்து படியிறங்கி வரும் பிள்ளையும் தெரியும். ஓர் அடி நகர்ந்தாலும் சுவர் மறைத்துவிடும். ஒருமுறை அந்தத் திருப்பத்தில் ஒரு பிள்ளையை லாரி அடித்தது. மறுவாரம் பியோ ஐயா மஞ்சள் கொடியோடு வந்து நின்றார். யாரும் கூப்பிடவில்லை. பனி விழுந்த நாட்களில் விடியுமுன்பே வந்து வழுக்காமலிருக்க மேடு முழுக்கக் கரிச்சாம்பல் தூவுவார். பதக்கம் வந்த பெட்டியில் விசில் வைத்திருந்தார். பதக்கம் எங்கே என்று கேட்டால், "இருந்துச்சுப்பா" என்பார்.

பிள்ளைகள் காலைப் பற்றித்தான் கேட்பார்கள்.

"தாத்தா, அந்தக் கால் இப்ப எங்க இருக்கு?"

"வியட்நாம்ல. அதுக்கு இன்னும் இருபத்திமூணு வயசுதான். மிச்சம் நான்தான் கிழவனாயிட்டேன்."

நுரையீரல் கெட்டு மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்த மூன்று வாரமும் திருப்பத்தில் யாரும் நிற்கவில்லை. பெற்றோர்கள் முறை வைத்து நிற்பது முன்வாசலில். பின்வாசல் எந்தப் பட்டியலிலும் இல்லை. அங்கே பியோ ஐயா இருந்தார் அல்லவா.

அவர் போய் ஒரு மாதம் கழித்து மால்சுன் அம்மா கடைக்கு வந்தார். பியோ ஐயாவின் மனைவி. ஒரு ரப்பரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

"தம்பி, உங்க பேர்ல ஒரு பொய் சொல்லிட்டேன்."

"என்ன பொய்மா?"

"தெனமும் கேப்பார், இன்னைக்கு யார் நின்னான்னு. யாரும் நிக்கலைன்னு சொல்ல வாய் வரலை. திங்கக்கிழமை தலைவர்னேன். செவ்வாய் குளியல்விடுதிக்காரர். புதன் நீங்க."

"நம்பினாரா?"

"தலைவர்னதும் சிரிச்சார். உங்களை நம்பிட்டார். 'அவன் கடை அங்கதானே இருக்கு'ன்னார். மழை பேஞ்சா நிப்பானான்னு கேட்டார். நிக்கிறார்னேன்."

ரப்பர் டப்பாவை நேராக வைத்தேன்.

"நாப்பத்தொம்பது நாள் வரைக்கும் இங்கதான் சுத்திட்டிருப்பார். கெளம்பறதுக்குள்ள ஒருநாள் வந்து எட்டிப் பாத்தார்னா, நான் என்ன சொல்லுவேன்? ஒரே ஒரு புதன் நின்னுடுங்க தம்பி. அப்புறம் அவர் போயிடுவார். யார் பாக்கப்போறா?"

"தலைவர்கிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டேன். 'அதைவிடப் பெரிசா பண்றோம்மா'ன்னார்."

காலை எட்டேகாலுக்குத்தான் என் கடையில் கூட்டம். பென்சில், பசை, மறந்துபோன வரைபடத்தாள். "பாக்கலாம்மா" என்றேன். எங்கள் பக்கத்தில் அதற்கு முடியாது என்று அர்த்தம். அது அவருக்கும் தெரியும். தலையசைத்துவிட்டுப் போனார்.

அதற்குப்பின் இரண்டு புதன் வந்தன. ஒன்றில் மழை. இன்னொன்றில் எனக்கு ஏதோ வேலை. என்ன வேலை என்று இப்போது நினைவில்லை.

மூன்றாவது புதன்தான் விழா. நடைபாதை முழுக்க ஆளுயர மலர்வளையங்கள். தொங்கிய நாடாக்களில் அனுப்பியவர் பெயரும் பதவியும் முழங்கை நீளத்துக்கு இருந்தன. பியோ ஐயாவின் பெயரைத் தேடித்தான் படிக்க வேண்டும். வளையங்களுக்குப் பின்னால் வெள்ளைத்துணி போர்த்திய கல். முன்வரிசையில் மால்சுன் அம்மா, மடியில் சுருட்டிய மஞ்சள் கொடி. மூன்றாம் வரிசையில் நான். பிள்ளைகள் பள்ளிக்கு வரும் நேரத்தில் விழா வைத்தால் படத்தில் பின்னணியாக இருப்பார்கள் என்பது தலைவரின் யோசனை.

தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார். "தம் இரு கால்களையும் இந்த மண்ணில் ஆழ ஊன்றி நின்ற மாமனிதர்..."

குளியல்விடுதிக்காரர் இருமினார். தலைவர் அடுத்த பக்கத்துக்குப் போனார்.

எட்டு பத்துக்கு முதல் பிள்ளைகள் படியில் தெரிந்தார்கள். நடைபாதையில் மலர்வளையம் நின்றதால் சாலையிலேயே இறங்கி வந்தார்கள். மால்சுன் அம்மா திரும்பி, இரண்டு வரிசை தாண்டி, என்னைப் பார்த்தார்.

எழுந்து போனேன். கொடியைக் கையில் கொடுத்தார்.

"இன்னைக்குப் புதன்" என்றார்.

தலைவர் இதுவும் நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது என்று நினைத்திருக்க வேண்டும். தலையாட்டி அனுமதி கொடுத்தார். படம் எடுக்கிறவர் என் பக்கம் திரும்பினார். இருபத்தெட்டு ஆண்டு கடைக்குள்ளிருந்து பார்த்த இடம். கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்விடுவேன். இரண்டு மலர்வளையங்களை விலக்கிக்கொண்டு விளக்குக் கம்பத்துக்கும் சுவருக்கும் நடுவே போனேன்.

அங்கே கல் இருந்தது. என் மார்பு உயரம். அடியில் சிமெண்ட் இன்னும் ஈரம்.

இடப்பக்கம் நின்று பார்த்தேன், சுவர். வலப்பக்கம், மலர்வளையம். கடைசியில் சாலையில் இறங்கி, கல்லுக்கு முன்னால் நின்று கொடியைத் தூக்கினேன். பிள்ளைகள் என்னைப் பார்த்துத் தயங்கினார்கள். பிறகு அவருக்குப் போடுவதுபோலவே தலைகுனிந்து வணக்கம் போட்டார்கள்.

பின்னாலிருந்து மால்சுன் அம்மாவின் குரல் வந்தது. என்னிடமா அவரிடமா என்று எனக்குப் புரியவில்லை. "பாருங்க. நிக்கிறார் பாருங்க."

பிறகு என்னிடம், "தம்பி, மேல வண்டி வருதா?"

அந்த நேரத்தில் தலைவர் துணியை இழுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். கல்லில் தங்க எழுத்தில் 'இங்கே நின்றார்' என்று வெட்டியிருந்தது.

"தெரியலைம்மா" என்றேன்.

அந்த இடத்தில் நின்றால்தான் வண்டி தெரியும்.