தர்சிட்சா அம்மாளின் துருக்கி அறை

பாரிஸில் எவனோ ஒரு பிரபு வீட்டில் துருக்கி அறை வைத்துவிட்டானாம். அந்தச் சேதி வந்த நாள்முதல் புக்காரெஸ்ட் சீமாட்டிகளுக்குத் தூக்கம் போயிற்று. பத்து வருஷத்துக்கு முன்னால், துருக்கி வாடையே ஆகாதென்று திண்டு, விரிப்பு, திரைச்சீலை எல்லாவற்றையும் வாரி வெளியே போட்டுவிட்டு, பிரெஞ்சு நாற்காலிகளில் விறைப்பாக உட்கார்ந்தவர்களும் இவர்கள்தான். வாரிப்போட்டதை விலைக்கு வாங்கியவர் லிப்ஸ்கானித் தெரு ஆர்மீனிய வியாபாரி கரபெத்.

இன்று அவர் கடைக்குத் தர்சிட்சா அம்மாள் தன் கணவர் மனோலாக்கேயோடு வந்திருந்தாள். அவள் நுழைகிற கடைக்குள்தான் மற்ற சீமாட்டிகளும் நுழைவார்கள். எடுத்துப்போட்ட எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் அடுக்கின் அடியிலிருந்து ஒரு சிவப்பு வெல்வெட்டைத் தானே உருவினாள். துருக்கியின் புர்சா ஊர் நெசவு, பொன்னிழையில் பூ.

பார்த்ததுமே கரபெத் அடையாளம் கண்டுகொண்டார். அது அவளுடைய மாமியாரின் விரிப்பு. அவள் வீட்டுச் சரக்கை அவள் தலையிலேயே கட்டினான் என்று பேர் வந்தால், கடையை இழுத்து மூடவேண்டியதுதான்.

“இது எந்த வீட்டுது, கடைக்காரரே?”

“ஒரு துருக்கிப் பிரபு, பாஷா வீட்டுதும்மா.”

“ஓரத்துல பொத்தல் இருக்கே?”

“பாஷா புகைக்குழாயோட தூங்கிட்டாரும்மா.”

“சரியான தூங்குமூஞ்சிப் பாஷா,” என்றார் மனோலாக்கே. குழாயைத் தவறவிட்ட மகானே அவர்தான், காது சிவந்திருந்தது.

அவள் வெளிச்சத்தில் பார்க்க வாசலுக்குப் போனதும், அவர் கரபெத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். “யோவ், வாயைத் திறந்துடாதய்யா. பத்து வருஷமா கட்டை நாற்காலியில முதுகு ஒடியுது. எங்கம்மாவோடதுன்னு தெரிஞ்சா வீட்டு வாசல்லகூட விடமாட்டா.”

பேரம் முடிந்தது. மனோலாக்கே வண்டியைக் கூப்பிடப் போனார். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“பாஷாவாம் பாஷா. இந்தப் பொத்தலுக்காக என் மாமியார் அவரைத் திட்டினது தெருக்கோடி வரைக்கும் கேட்டுது. நான் கல்யாணமாகி வந்த புதுசு. கதவுக்குப் பின்னால நின்னு சிரிச்சேன்.”

கரபெத் மெதுவாகக் கேட்டார். “கோபமில்லையாம்மா?”

“தூக்கிப் போட்டவளே நான்தான். எந்த முகத்தோட திரும்பக் கேக்கறது? பாஷா வீட்டுதாவே இருக்கட்டும். அவர் காலை நீட்டிப் படுக்கணும், அவ்வளவுதான். அவர்கிட்ட உளறிடாதீங்க.”

கரபெத் இரண்டு பேருக்கும் சத்தியம் செய்துகொடுத்தார். மனோலாக்கே அந்த மூட்டையை வண்டிக்காரனிடம்கூடக் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டு போனார்.

மறுவாரமே, பாஷா வீட்டுச் சரக்கு வேண்டுமென்று சீமாட்டிகள் வரிசையாக வந்தார்கள். அவரவர் வீட்டிலிருந்து வந்த பழைய மூட்டையை அவரவர் முன்னால் அவிழ்த்துவிட்டு, கரபெத் காப்பி வரவழைத்தார். யாரும் எந்தப் பாஷா என்று கேட்கவில்லை.