மேலே போகலாம்

"இது பாதிதான் இருக்கு" என்றாள் அவள், ஆம்புலன்ஸுக்குள் குனிந்து ஆக்ஸிஜன் சிலிண்டரின் முள்ளைப் பார்த்தபடி. "நகரத்துக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள தீந்துடும்."

டிரைவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "நீங்க நர்ஸாம்மா?"

"இல்ல. டைவிங் கடை வெச்சிருக்கோம், நானும் எங்க அண்ணனும். சிலிண்டர் நிரப்புறதுதான் என் வேலை."

"அப்ப அந்த சீட்டுக்கு அடியிலயும் கொஞ்சம் எட்டிப் பாருங்க."

சீட்டுக்கு அடியில் இன்னொரு சிலிண்டர் நிறைந்து படுத்திருந்தது. டிரைவர் சிரிக்காமல் இருந்தது அவளை இன்னும் கூச வைத்தது. ஆனாலும் அதன் முள்ளையும் பார்த்தாள். ஸ்ட்ரெச்சரின் பெல்ட்டை இழுத்துப் பார்த்தாள். பின்கதவின் கொண்டியை ஆட்டிப் பார்த்தாள். பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லை என்றானதும் வார்டுக்குத் திரும்பி நடந்தாள். விடிந்ததிலிருந்து இதே கதைதான். எந்த நாற்காலியும் அவளை உட்கார விடவில்லை.

ஜன்னலோரக் கட்டிலில் அண்ணன் சாய்ந்து படுத்திருந்தார். முகமூடி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே பனித்துத் தெளிந்தது. இதயம் களைத்துவிட்டது, நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது அவர் முகமூடிக்குள்ளேயே சிரித்தார். பாதி வாழ்நாளைக் கடலுக்கு அடியில் கழித்தவருக்குள் கடைசியில் நீர் புகுந்த வழி அது. இரண்டு நாளாகப் பேச்சுக்கு மூச்சு போதவில்லை.

"இங்க பண்ணக்கூடியத பண்ணியாச்சு" என்று டாக்டர் சொல்லியிருந்தார். "நகரத்துல பெரிய மெஷினெல்லாம் இருக்கு. ஆனா அவ்ளோ தூரம் தாங்குவாரான்னு என்னால சொல்ல முடியல. நீங்கதான் முடிவு பண்ணணும்."

காலைப் பேருந்தில் வந்து இறங்கிய அண்ணி, செருப்பைக் கழற்றும் முன்பே முடிவு பண்ணிவிட்டாள். போக வேண்டும். இப்போது கட்டிலடியில் நின்று அவருடைய துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனையோ ஊர் இருக்க இந்த ஊரப் புடிச்சீங்க பாரு" என்றாள் அண்ணி. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. "ஒரு ஸ்கேன் எடுக்கணும்னாகூட பஸ் ஏறணும்."

அவள் மருந்து பாட்டில்களை நேராக அடுக்கினாள்.

கடை தொடங்கும் முன், ஊர் தேடி இரவல் காரில் கரையோரமாகவே போனார்கள் அண்ணனும் அவளும். முதலில் பார்த்த ஊரில் விமான நிலையமும் பெரிய ஓட்டல்களும் இருந்தன. டைவிங் கடைகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. மீனைவிட மனுஷக் கால்தான் அதிகமாகத் தெரிகிறது என்றார் அண்ணன். அடுத்த ஊரில் மழை பெய்தால் ஆறு வந்து கலந்து கடல் டீயாகிவிடும் என்றார்கள். பிறகு இந்த ஊர். காற்று அடிக்காத குடா. சின்னப் படகிலேயே போய்விடலாம் என்கிற தொலைவில் பவளப்பாறை. கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாத படகுக்காரர். நீரோட்டம், வாடகை, சிலிண்டர் நிரப்பும் கம்ப்ரெசர் ஓட மின்சாரம் வரை தெருத்தெருவாக விசாரித்தார்கள். ஆஸ்பத்திரி எப்படி என்று கேட்க இருவருக்குமே தோன்றவில்லை.

"நான்தான் இந்த ஊரச் சொன்னேன்னு சொன்னாரா?" என்றாள் அவள்.

"உனக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சுன்னு சொன்னார். தங்கச்சிக்காகத்தான் போறேன்னார். அதுக்கு மேல நான் என்ன சொல்றது? எனக்கும் ஸ்கூல் வேலைய விட முடியல."

அவள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். கண்களை மூடியிருந்தார். தூக்கமா, பாசாங்கா என்று தெரியவில்லை. 'எனக்காக வா கொசு, ஒத்தையா என்னால முடியாது' என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார். கொசு என்பது அவர் மட்டும் அவளைக் கூப்பிடும் பெயர்.

இந்தக் கடலில் முதன்முதலாக இறங்கிய அன்று, நேரமாகிவிட்டது என்று அவள் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். மேலே போகலாம் என்பதற்கு நீருக்கடியில் அதுதான் சைகை. அண்ணன் சின்னப் பிள்ளை மாதிரித் தலையாட்டிவிட்டுப் பாறையை இன்னொரு சுற்று சுற்றப் போனார். படகில் ஏறியதும், அந்தப் பேசாத படகுக்காரர் எதிரிலேயே அவரைக் கிழித்துத் தொங்கவிட்டாள். "சரி, விடு கொசு, மானத்த வாங்காத. இனிமே நம்ம கடைக்கு ஒரே சட்டம்" என்றார்.

அந்தச் சட்டத்தை அன்று முதல் கற்றுக்கொள்ள வந்த அத்தனை பேருக்கும் சொன்னார். "கட்டை விரல் ஏறுச்சுன்னா பேச்சே கிடையாது. கூட இருக்கிறவங்க அதே மாதிரி திருப்பிக் காட்டணும். ஏன்னு கேக்கக் கூடாது. சண்டையக் கரைக்கு வந்து போட்டுக்கலாம். ரெண்டு பேரும் மேல போயிடணும்." யாராவது ஒருவர் களுக்கென்று சிரிப்பார். "பயப்படாதீங்க, நான் படகச் சொன்னேன்" என்பார் அண்ணன்.

டாக்டர் வந்தார். பின்னால் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேர்.

"என்ன சார், கிளம்பலாமா?" என்றார் டாக்டர் குனிந்து.

அண்ணன் கண்களைத் திறந்தார். போர்வைக்குள்ளிருந்து வலது கை மெல்ல வெளியே வந்தது. விரல்கள் மடங்கின. கட்டை விரல் நிமிர்ந்தது.

"அப்படிப் போடு!" என்று டாக்டரும் தன் கட்டை விரலை உயர்த்தினார். அண்ணியின் முகத்தில் காலையிலிருந்து இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது. "பாரு, பாரு. சரிங்கறார்!"

அண்ணன் டாக்டரைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தடவை காட்டிப் புரியாத மாணவர்களுக்குச் செய்வது போல, விரலை இன்னொரு முறை மேலே தூக்கி அசைத்தார்.

"சிலிண்டரப் பாத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அவள் வெளியேறினாள்.

தாழ்வாரத்தின் கடைசி வரை போய்ச் சுவரைத் தொட்டுத் திரும்பினாள். மறுபடி போனாள்.

"எதுக்கு இப்படி ஓடுற? ஒரு இடத்துல நில்லு, கொசு."

பின்னாலேயே அண்ணி வந்திருந்தாள். அந்தப் பெயரால் அண்ணி ஒருநாளும் அவளைக் கூப்பிட்டதில்லை. அவள் நின்றாள்.

"அண்ணி... எங்களுக்கு அது 'சரி' இல்ல." ஆள்காட்டி விரலையும் கட்டை விரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டினாள். "சரின்னா இது."

"அப்ப அது?"

"மேல போலாம்னு அர்த்தம். போதும், முடிச்சுக்கலாம்னு."

பக்கத்து அறையில் யாரோ ஸ்பூனைத் தவறவிட்டார்கள். அது உருண்டு அடங்கும் வரை அண்ணி அந்தப் பக்கமே பார்த்தாள்.

"மருந்து மயக்கமா இருக்கும்" என்றாள் அண்ணி.

"அதுல அவருக்குத் தப்பு வராது அண்ணி."

"எனக்கு மட்டும் இதெல்லாம் சொல்லிக் குடுக்கல."

"நீங்க தண்ணிப் பக்கமே வர மாட்டீங்கன்னு..."

"கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்." அண்ணி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள், பிறகு எடுத்துவிட்டாள். "பாத்தவங்க என்ன பண்ணணும்?"

"அதே மாதிரி திருப்பிக் காட்டணும். ஏன்னு கேக்கக் கூடாது."

"கேக்கவே கூடாதா?"

"கரைக்கு வந்து கேட்டுக்கலாம்."

சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் அவள் காதில் விழுந்தது. அண்ணிக்கும் விழுந்திருக்க வேண்டும். இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

அண்ணி உள்ளே போய் டாக்டரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். டாக்டர் தலையசைத்தார். ஸ்ட்ரெச்சர் சுவரோரம் போனது. அண்ணி கட்டிலோரம் உட்கார்ந்து, வகுப்பில் விடை தெரிந்த பிள்ளை கையைத் தூக்குவது போல விறைப்பாக, தன் கட்டை விரலை அவர் முகத்துக்கு நேரே நிறுத்தினாள்.

அண்ணன் அதை வெகுநேரம் பார்த்தார். கண்ணோரம் சுருங்கியது. பிறகு தங்கையின் பக்கம் திரும்பினார்.

அவள் கட்டிலின் கால்மாட்டுக் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல்கள் கம்பியை விட்டு வர மறுத்தன. அவர் காத்திருந்தார். அவள் கட்டிலோரச் சிலிண்டரின் முள்ளைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். மறுபடி பார்த்தபோது அவருடைய கை போர்வைமேல் இறங்கியிருந்தது.

அதன் பிறகு அவளுக்கு வேலை மேல் வேலை இருந்தது. திரைச்சீலையை இழுத்துவிட்டாள். தண்ணீர் மாற்றி வைத்தாள். குழாயில் மடிப்பு விழாமல் நீவினாள். அண்ணி, வீட்டுக் குழாய் ஒழுகுவதைப் பற்றியும் மாடியில் புதிதாகக் குடி வந்தவர்களைப் பற்றியும் அவரிடம் சொல்லிக்கொண்டேயிருந்தாள். பிற்பகலில் கடற்காற்று எழுந்து ஜன்னல் கதவு அடித்துக்கொண்டது. அவள் அதைச் சாத்தப் போனாள்.

"கொசு" என்றாள் அண்ணி.

திரும்பினாள். முகமூடியில் பனிப்பு இல்லை.

நர்ஸ் வந்து பார்த்தாள். டாக்டரும் வந்து பார்த்தார். பிறகு நர்ஸ் சிலிண்டரின் திருகை மூடினாள். உள்ளே இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்ததைத் தங்கை பார்த்தாள். அண்ணி அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அவள் ஜன்னலுக்கு வந்தாள். எதிரே மரத்தடியில் ஆம்புலன்ஸ் அப்படியே நின்றது. டிரைவருக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அவளைக் கண்டதும் துணியைத் தோளில் போட்டு, என்ன ஆச்சு என்பது போல் கையை விரித்தார். ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருந்தது. அவள் கை ஜன்னல் கம்பியிலிருந்து பிரிந்து எழுந்தது. விரல்கள் மடங்க, கட்டை விரல் நிமிர்ந்தது. அதை அப்படியே வைத்திருந்தாள்.

டிரைவர் முகமெல்லாம் சிரித்தார். தன் கட்டை விரலை உயர்த்தித் திருப்பிக் காட்டினார். வண்டியில் ஏறிப் பின்னுக்கு ஓட்டி வந்து வாசலை ஒட்டி நிறுத்திவிட்டு, இறங்கி, பின்கதவுகள் இரண்டையும் அகலத் திறந்து வைத்தார்.