கஃபார் பாயின் சைகை

அப்துல் கஃபார் பாயின் வலது கை ‘இறக்கு’ என்றது. நான் சரக்கு தூக்கும் விஞ்சின் பிரேக்கை விடவில்லை.

துறைமுகத்தில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. கப்பலின் அடியறையில் சரக்கு அடுக்கும் ஆறு பேரும் விஞ்சுக்காரன் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். மேல்தளத் திறப்பின் விளிம்பில் நிற்கும் பாய் எட்டிப் பார்த்துக் கையைக் காட்டுவார். ஒன்பது வருடமாக என் மூளையைச் சிராங்கூன் ரோட்டு அறையிலேயே வைத்துவிட்டு, அந்தக் கையை நம்பித்தான் வேலை பார்க்கிறேன்.

போன மாதம் அவருக்குச் சர்க்கரை நோய்க்கு ஊசி ஆரம்பித்தபோது, ஆங்கிலம் பேச என்னைத்தான் டாக்டரிடம் கூட்டிப்போனார். ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். மூளைக்குத் தீனியே அதுதான். முதலில் போவது நிதானம், போனது அவருக்கே தெரியாது என்றார் டாக்டர். பாய் தலையாட்டினார். நோன்பு மாதம் வந்தது. நோயாளிக்கு விலக்கு உண்டென்று மனைவி ரபியா சொல்லியும் கேட்கவில்லை. ஊசியையும் விடவில்லை, நோன்பையும் விடவில்லை. இரண்டு பக்கமும் நல்ல பிள்ளை!

இப்போது அவர் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. சற்றுமுன் ஊரிலிருக்கும் தன் தம்பி பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்.

“எறக்குடா!”

“பாய், கீழ ஒரு தடவ பாருங்க.”

“எனக்கே சொல்றியா? எறக்கு லா!”

கீழே பார்க்காமல் என்னையே முறைத்தார். இருபது அரிசி மூட்டைகள் வலையில் தொங்கின. அவர் சொன்னது சரியாக இருந்தால் நாளை முதல் எனக்கு இங்கே வேலையில்லை. பிரேக்கைப் பூட்டிவிட்டு, இனிப்பான டின் பால் ஊற்றிய என் கோப்பிப் போத்தலோடு ஓடினேன்.

“குடிங்க பாய். பாவம் என் தலையில.”

உதட்டை இறுக்கிக்கொண்டார். நோன்பாளியோடு மல்லுக்கட்டுகிறேனே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாதி சட்டையில் வழிந்தது. மீதியை எப்படியோ விழுங்கினார்.

கால்மணி நேரத்தில் கண் தெளிந்தது.

“நோன்ப முறிச்சிட்டியேடா” என்றார். பிறகுதான் மூட்டைகளைப் பார்த்தார். “நானா எறக்கச் சொன்னேன்?”

“ஆமா.”

இருவரும் விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தோம். மூட்டைகளுக்கு நேர் கீழே, சரக்கு அடுக்கும் மாணிக்கத்தின் கால் பலகை இடுக்கில் சிக்கியிருந்தது. மற்றவர்கள் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து விஞ்சின் இரைச்சலில் அவர்கள் கத்தியது எங்களுக்கு எட்டவேயில்லை. ஒருவழியாகக் கால் வெளியே வந்தது. அவனை ஓரமாக இழுத்துப் போட்டார்கள்.

“எறக்கலாம் பாய்!” கீழிருந்து குரல் வந்தது.

நான் திரும்பிப் போய்ப் பிரேக்கைப் பிடித்தேன். பாய் விளிம்பிலேயே நின்றார். வலது கை தொடையோடு ஒட்டிக் கிடந்தது. அது எழட்டும் என்று நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.